எம்.சி. ரோடு சுபேதாரின் பென்ஷன் அப்பீல் அறை: எங்கள் அனுபவம்

பட்டாளத்திலிருந்து வந்தவருக்கு டிசபிலிட்டி பென்ஷன், அதாவது நோய்க்கோ ஊனத்துக்கோ தரும் பென்ஷன் மறுக்கப்பட்டு, அடுத்து யாரிடம் போவது என்று தெரியாமல் நிற்கும் வடசென்னைக் குடும்பங்களுக்காக இதை எழுதுகிறேன். பழைய வண்ணாரப்பேட்டையில் எம்.சி. ரோட்டிலிருந்து பிரியும் ஒரு சந்தில், இரண்டாவது மாடியில், ஓய்வு பெற்ற சுபேதார் ஒருவர் பென்ஷன் அப்பீல் எழுதித் தருகிறார். பட்டாளத்தில் கிளார்க் வேலை பார்த்தவர். போர்டு கிடையாது. பெயரைப் போட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார், அதனால் போடவில்லை. கீழே பட்டன், ஜிப் விற்கிற கடையில் "கிளார்க் சாப் ரூம்" என்று கேட்டால் மாடிப்படியைக் காட்டுவார்கள்.

என் கணவர் காலாட்படையில் ஹவில்தாராக இருந்து 2016-இல் ஓய்வு பெற்றவர். சொந்த ஊர் வேலூர் பக்கம், கம்மவான்பேட்டைக்கு அருகே. வீட்டுக்கு ஒருவர் பட்டாளத்தில் இருந்ததால் ராணுவப்பேட்டை என்றே பெயர் வாங்கிய ஊர் அது. அந்தப் பக்கத்தில் எந்தக் கடிதம் வந்தாலும் திண்ணையில் ஒரு பழைய ஆள் வாங்கிப் படித்து, இதற்கு இப்படிப் பதில் எழுது என்று சொல்லிவிடுவார். நாங்கள் இருப்பது தண்டையார்பேட்டையில், என் அம்மா வீட்டில். எங்கள் தெருவில் துறைமுக வேலை, காசிமேட்டு மீன் வியாபாரம், மணலி கன்டெய்னர் யார்டு என்று போகிறவர்கள்தான் அதிகம். பட்டாளத்து விவரம் கேட்க ஆள் இல்லை. அதனால் இந்தப் பக்கத்திலேயே இப்படி ஓர் அறை இருப்பது எங்களுக்குப் பெரிய விஷயம்.

என் கணவருக்கு வந்தது உயர் ரத்த அழுத்தம். கடைசிப் போஸ்டிங்கில், பீஸ் ஸ்டேஷனில், அதாவது சண்டை இல்லாத அமைதிப் பகுதி முகாமில் இருந்தபோது, வருடாந்திர மெடிக்கலில் தெரிந்தது. உடல்தகுதிக் கேட்டகரியை இறக்கினார்கள், மாத்திரை ஆரம்பித்தது. ஓய்வுக்கு முன் நடக்கும் ரிலீஸ் மெடிக்கல் போர்டில் ஊனம் 30 சதவீதம், ஆயுள் முழுவதும் என்று மதிப்பிட்டார்கள். கூடவே, இந்த நோய்க்குப் படைப்பணி காரணமும் இல்லை, பணியால் இது மோசமாகவும் இல்லை என்று எழுதிவிட்டார்கள். பட்டாளத்துக்காரர்கள் இதைச் சுருக்கமாக 'நானா' என்பார்கள். நானா விழுந்துவிட்டால் சதவீதம் எவ்வளவு இருந்தாலும் பணம் வராது. கோரிக்கை நிராகரிக்கப்பட்டது, ஆறு மாதத்துக்குள் மேல்முறையீடு செய்யலாம் என்று பிறகு ஒரு கடிதம் வந்தது.

அந்தக் கடிதத்தோடு முதலில் போனது வேறொரு இடத்துக்கு. 5,000 ரூபாய் முன்பணம், வருகிற அரியரில் கால் பங்கு என்று பேசினார்கள். வெற்று முத்திரைத்தாளில் கையெழுத்தும் கேட்டார்கள். அதற்கு மட்டும் என் கணவர் உறுதியாக மறுத்துவிட்டார். அவர்கள் எழுதிய மனு ஒரே பக்கம். நாட்டுக்காக உழைத்தவர், இரண்டு பிள்ளைகள், வாடகை வருமானம் இல்லை, கருணையோடு பரிசீலிக்கவும். அவ்வளவுதான். எங்கெங்கே வேலை பார்த்தார், போர்டு என்ன காரணம் சொன்னது, அது ஏன் தவறு என்று ஒரு வரி இல்லை. அதைக்கூட அப்பீலாக அனுப்பாமல், சம்பந்தமில்லாத அலுவலகத்துக்குக் கோரிக்கை மனுவாக அனுப்பியிருந்தார்கள். இரண்டு வருடத்துக்கு மேல் அங்கேயே போனது. வழக்கின் முடிவைப் பொறுத்துக் கூலி பேசுவதும், கிடைக்கும் பணத்தில் பங்கு கேட்பதும் வக்கீல்களுக்கு பார் கவுன்சில் விதிப்படியே கூடாது. அரியரில் பங்கு என்று யார் பேசினாலும் அங்கேயே எழுந்துவிடுங்கள்.

எம்.சி. ரோடு அறையில் நடந்தது வேறு மாதிரி. உட்கார்ந்ததும் சுபேதார் கேட்ட முதல் கேள்வி, "டிஸ்சார்ஜ் எந்தத் தேதி, ஹவில்தார்?" தேதியை வைத்துத்தான் எந்த விதி பொருந்தும் என்று முடிவாகும். 1982-ஆம் வருட விதிகள் ஒன்று. 2008 ஜனவரி முதல் வெளியே வந்தவர்களுக்கு 2008 விதிகள். 2023 செப்டம்பர் 21-க்குப் பின் வந்தவர்களுக்கு இப்போது புது விதிகள். பக்கத்து வீட்டுக்காரருக்குக் கிடைத்ததே என்று அதே மனுவைக் காப்பி அடித்தால் நிற்காது என்பதற்கு இது ஒன்றே போதும்.

இரண்டாவது கேள்வி, "போர்டு பேப்பர் எங்கே?"

"அது எங்ககிட்ட இல்லை, சாப்."

"அப்போ நான் எழுத ஒண்ணுமில்லை. அது வரட்டும், அப்புறம் பேசலாம்."

எனக்கு அப்போது கோபம்தான் வந்தது. இத்தனை நாள் வீணாகி வந்திருக்கிறோம், இவரும் திருப்பி அனுப்புகிறாரே என்று. ஆனால் அவர் அங்கேயே ஒரு தாளை எடுத்து, தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில், படையாட்களின் பதிவேடுகளை வைத்திருக்கும் ரெக்கார்ட் ஆபீஸுக்கு விண்ணப்பம் எழுதினார். மெடிக்கல் போர்டு நடவடிக்கையின் முழு நகல், படையில் சேர்ந்தபோது நடந்த மருத்துவப் பரிசோதனை, வருடாந்திர மெடிக்கல் பதிவுகள், போஸ்டிங் பட்டியல். 10 ரூபாய் போஸ்டல் ஆர்டர் இணைத்து ரிஜிஸ்டர் தபாலில் அனுப்பச் சொன்னார். இதற்குக் காசு வாங்கவில்லை. சட்டப்படி 30 நாளில் பதில் வர வேண்டும் என்று நாட்காட்டியில் குறித்துக்கொண்டார்.

என்னைக் கேட்டால் இந்தச் சேவையின் மதிப்பே இங்கேதான் இருக்கிறது. பென்ஷனை மறுப்பது போர்டு எழுதிய ஒரு காரணம். அப்பீல் என்பது அந்தக் காரணத்துக்குச் சொல்லும் பதில். காரணம் என்னவென்றே படிக்காமல் எழுதும் மனு, கேள்வித்தாளைப் பார்க்காமல் எழுதிய பரீட்சை மாதிரி. மெடிக்கல் போர்டு நகலைக் கேட்காமல் யாராவது உங்களுக்கு அப்பீல் எழுத ஆரம்பித்தால், அவரிடம் பணம் கொடுக்காதீர்கள்.

பேப்பர் வந்ததும் அதை என் கையில் கொடுத்துப் படிக்கச் சொன்னார். "நீங்களே பாருங்க சாப், அவளுக்கு இதெல்லாம் தெரியாது" என்றார் என் கணவர். சுபேதார் விடவில்லை. "அம்மா, நீங்க படிங்க. நாளைக்கு இந்த ஃபைலைப் பிடிக்கப்போறது நீங்கதான்." ஒவ்வொரு கட்டத்தையும் பென்சிலால் தொட்டுத் தொட்டு விளக்கினார். எந்த நோய், எப்போது தெரிந்தது, எந்த இடத்தில், பணியோடு தொடர்பு உண்டா, இல்லையென்றால் ஏன், எத்தனை சதவீதம். 'ஏன்' என்ற கட்டத்தில் இருந்தது ஒரே வரி. பீஸ் ஸ்டேஷனில் தொடங்கியது, பணியின் அழுத்தத்தோடு தொடர்பில்லை.

அப்புறம் பட்டியலைப் பார்த்து போஸ்டிங்குகளைக் கேட்டார். திராஸ், பூஞ்ச், மணிப்பூர். எத்தனை மாதம், என்ன டியூட்டி, இரவு ரோந்து எப்படி, எல்லாம். திராஸில் இருந்த குளிர்காலத்தில் வாரக்கணக்கில் போன் வராமல் நான் இருந்தது எனக்கு ஞாபகம் வந்தது. மணிப்பூரிலிருந்து லீவில் வந்தபோது ராத்திரி எழுந்து எழுந்து கேட்டைப் பார்த்துவிட்டு வருவார், தூக்கமே கிடையாது. இதையெல்லாம் நான் சொன்னேன். சுபேதார் பொறுமையாகக் கேட்டுவிட்டு, அதே காலத்து வருடாந்திர மெடிக்கல் பதிவுகளைப் புரட்டினார். மணிப்பூரிலிருந்து வந்த பிறகு எடுத்த அளவு மேல் எல்லையைத் தொட்டுக்கொண்டு இருந்தது. "கண்டுபிடிச்ச இடம் பீஸ் ஸ்டேஷன். வந்த இடம் அது இல்லை" என்றார். அப்பீலின் முதுகெலும்பு அந்த வாக்கியம்தான். ரத்த அழுத்தம் வருடக்கணக்கில் எந்த அறிகுறியும் காட்டாமல் உள்ளேயே இருக்கக்கூடிய நோய். எந்த ஊரில் பட்டையைக் கட்டிப் பார்த்தார்களோ அந்த ஊரில்தான் பிறந்தது என்று எப்படிச் சொல்ல முடியும்?

வெறும் வாதமாக அதை விடவில்லை. ராணுவ மருத்துவ அதிகாரிகளுக்கு என்றே ஒரு வழிகாட்டி இருக்கிறது. என் கணவர் ஓய்வு பெற்ற காலத்தில் இருந்த பதிப்பில், ரத்த அழுத்தத்தைப் பற்றிய 43-ஆம் பத்தியில், கள முனை, தீவிரவாத எதிர்ப்புப் பணி, உயர்ந்த மலைப்பகுதி ஆகியவற்றில் பார்த்த வேலையால் அது மோசமாகியதா என்று பார்க்கச் சொல்லியிருந்தது. அந்தப் பத்தியையும் எங்கள் போஸ்டிங் பட்டியலையும் அருகருகே வைத்து எழுதினார். மூன்றரைப் பக்கம்தான். அழுகை ஒரு வரி இல்லை, புகழ்ச்சி ஒரு வரி இல்லை.

அங்கே காத்திருப்பவர்கள் எல்லோரும் தரம்வீர் சிங் தீர்ப்பைப் பற்றிப் பேசுவார்கள். 1985-இல் சிக்னல்ஸ் படையில் சிப்பாயாகச் சேர்ந்தவர். வலிப்பு நோய் என்று 20 சதவீதம் போட்டு 1994-இல் வெளியே அனுப்பினார்கள், நோய்க்கும் பணிக்கும் தொடர்பில்லை என்று பென்ஷனும் தரவில்லை. 2013-இல் உச்ச நீதிமன்றம் அவர் பக்கம் நின்றது. சேரும்போது அந்த நோய் இருந்ததாகப் பதிவு இல்லையென்றால், பணியில் இருக்கும்போது வந்ததைப் பணியால் வந்ததாகவே முதலில் கொள்ள வேண்டும். இல்லை என்று நிரூபிக்கும் பொறுப்பு அரசுடையது. சந்தேகத்தின் பலன் சிப்பாய்க்கே. போர்டு காரணம் எழுதாமல் மறுக்கக் கூடாது. எத்தனையோ குடும்பங்களுக்குச் சோறு போட்ட தீர்ப்பு என்று சொல்வேன். ஆனால் சுபேதார் இதிலும் எச்சரிக்கையாக இருப்பார். இது 1982 விதிகளை வைத்து வந்தது, தீர்ப்பின் நகலை மட்டும் இணைத்துவிட்டு ஜெயித்துவிட்டதாக நினைக்காதே, உன் போஸ்டிங்கும் உன் மெடிக்கலும்தான் பேச வேண்டும் என்று எல்லோரிடமும் சொல்கிறார்.

எங்கள் கேஸ் படிப்படியாகப் போனது. முதல் மேல்முறையீடு, அதற்கு இல்லை என்று பதில் வந்தால் ஆறு மாதத்துக்குள் இரண்டாவது மேல்முறையீடு, அதற்குப் பிறகு ஆயுதப்படைத் தீர்ப்பாயம். 2007-இல் சட்டம் வந்து 2009 முதல் நடக்கும் தீர்ப்பாயம் இது, சென்னையிலேயே கிளை இருக்கிறது. ஒரு நீதிபதியும், படையில் உயர் பதவி வகித்த ஒருவரும் சேர்ந்து விசாரிப்பார்கள். மேல்முறையீட்டுப் படிகளை முடிக்காமல் நேரே அங்கே போனால் பொதுவாக எடுக்க மாட்டார்கள். அப்பீல் போட்டு ஆறு மாதம் பதிலே இல்லையென்றால் போகலாம். சுபேதார் வக்கீல் இல்லை, அதனால் தீர்ப்பாயத்தில் நிற்க மாட்டார். சில வக்கீல்களின் பெயரை எழுதிக் கொடுத்து, நீங்களே போய்ப் பேசித் தேர்ந்தெடுங்கள் என்றார். யாரிடமும் கமிஷன் வாங்குவதில்லை. நாங்கள் தம்புச் செட்டித் தெருவில் ஒருவரைப் பிடித்தோம். கட்டணத்தை முதலிலேயே எழுத்தில் வாங்கிக்கொண்டோம். அவர் ஃபைலைப் பார்த்துவிட்டு, இதில் நான் சேர்க்க அதிகம் இல்லை என்றார்.

2021-இல் மனு போட்டோம். 2023-இல் உத்தரவு எங்கள் பக்கம் வந்தது. பணிச்சூழலால் நோய் மோசமானது என்று ஏற்று, 30 சதவீதத்தை 50 ஆக உயர்த்திக் கொடுக்கச் சொன்னார்கள். எங்களுக்குப் பொருந்திய விதிகளில் இப்படி உயர்த்துவதற்கும் இடம் இருந்தது. 50-க்குக் கீழே இருந்தால் 50, அதற்கு மேல் 75 வரை இருந்தால் 75, அதற்கும் மேல் போனால் 100. நோயால் பாதியில் வெளியேற்றப்பட்டவர்களுக்குத்தான் இது என்று முன்பு சொல்லிவந்தார்கள். சேவைக்காலம் முழுவதும் முடித்து வந்தவர்களுக்கும் உண்டு என்று 2014 டிசம்பரில் ராம் அவதார் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. பணக்கணக்கு இதுதான்: 100 சதவீதத்துக்குக் கடைசிச் சம்பளத்தில் 30 சதவீதம். கடைசிச் சம்பளம் 40,000 என்று வைத்துக்கொண்டால் 12,000. 30 சதவீத ஊனத்துக்கு 3,600, அதையே 50 ஆக்கினால் 6,000, அதன் மேல் அகவிலைப்படி. மாதாமாதம் வரும் பணம் இது. என் கணவர் மணலியில் பார்த்துவந்த இரவு செக்யூரிட்டி வேலையை விட்டுவிட்டுப் பகல் ஷிஃப்டுக்கு மாறியது இந்தப் பணத்தை நம்பித்தான். டாக்டரும் அதைத்தான் முதலிலிருந்தே சொல்லிக்கொண்டிருந்தார்.

அரியர் மட்டும் முழுதாக வரவில்லை. எங்களைப் போலத் தாமதமாக வந்தவர்களுக்கு மனு போட்ட நாளுக்கு முந்தைய மூன்று வருடத்துக்குத்தான் அப்போது பாக்கி தந்தார்கள். 2008-இல் தர்சேம் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் வகுத்த வரம்பு இது. ஆக 2016-க்கும் 2018-க்கும் இடைப்பட்ட பணம் போனது போனதுதான். அந்தக் கருணை மனுக்காரர்கள் சாப்பிட்ட காலத்துக்கு நாங்கள் கொடுத்த விலை அது. மறுப்புக் கடிதம் கையில் வைத்திருப்பவர்கள் ஒரு மாதம்கூடத் தள்ளிப்போட வேண்டாம் என்று இதனால்தான் மன்றாடிச் சொல்கிறேன்.

கட்டணம்: ஒரு அப்பீலுக்கு 1,500 ரூபாய், ஜெராக்ஸ், தபால் செலவு தனி. கணவரை இழந்தவர்களிடம் வாங்குவதில்லை. அவர்கள் தீர்ப்பாயம் வரை போக வேண்டி வந்தால், உயர் நீதிமன்ற வளாகத்தில் இருக்கும் சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்கு அனுப்புகிறார். பெண்களுக்கு வருமானம் எவ்வளவு என்று பார்க்காமலேயே இலவச வக்கீல் தரச் சட்டத்தில் இடம் இருக்கிறது, ஊனமுற்றோருக்கும் உண்டு. இதை நான் அங்கேதான் முதன்முதலில் கேள்விப்பட்டேன்.

முடியாததை முடியாது என்று சொல்லிவிடுகிறார். சேவைக்காலம் முடித்து ஓய்வு பெற்ற ஒருவர் வந்தார், போர்டு போட்டது 20 சதவீதத்துக்குக் கீழே. விதிப்படி வராது, சதவீதத்தை எதிர்த்துத்தான் முதலில் கேட்க வேண்டும், அதற்கு மருத்துவ ஆதாரம் இருக்கிறதா என்று கேட்டார். அவரிடம் இல்லை. காசு வாங்காமல் அனுப்பினார். அதே நாளில் ஓர் இளைஞன். அவனுக்கும் 20-க்குக் கீழேதான், ஆனால் நோயைக் காட்டி படையே அவனை வெளியே அனுப்பியிருந்தது. "தம்பி, உன் கதை வேற" என்று உட்கார வைத்தார். படை தானே வேலைக்கு ஆகாது என்று அனுப்பினால் 20 சதவீதத்துக்கு மேல் இருப்பதாகவே கொள்ள வேண்டும் என்று 2014-இல் சுக்விந்தர் சிங் வழக்கில் தீர்ப்பு இருக்கிறது. இந்த நுணுக்கம் தெரியாத ஒருவர் அவனையும் அனுப்பியிருப்பார்.

குறைகளும் இருக்கின்றன. முதலில் அந்த மாடிப்படி. செங்குத்தாக, குறுகலாக, ஒரு பக்கம் மட்டும் கைப்பிடி. ஊனத்துக்கான பென்ஷன் கேட்டு வருகிறவர்களுக்கு இப்படி ஒரு படி. செயற்கைக்கால் வைத்த ஒருவரை இரண்டு பேர் பிடித்து ஏற்றியதைப் பார்த்து எனக்கு மனது பொறுக்கவில்லை. ஏற முடியாதவர்களுக்காக அவரே கீழே இறங்கி டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து பேசுகிறார், அது அவர் நல்ல மனசு. ஆனால் ஒருவருடைய வியாதி விவரத்தைத் தெருவில் வைத்துப் பேசுவது சரியில்லை. கீழ்த்தளத்தில் ஓர் அறை பாருங்கள் என்று நானே சொன்னேன். எம்.சி. ரோட்டு வாடகையைச் சொல்லித் தலையாட்டினார்.

வியாழன், ஞாயிறு காலை மட்டும்தான் திறந்திருக்கும். போனில் விவரம் பேச மாட்டார், வாட்ஸ்அப்பில் அனுப்பும் போட்டோவைத் திறக்கவே மாட்டார். எண்ணூரிலிருந்தும் மீஞ்சூரிலிருந்தும் வருகிறவர்களுக்கு இது கஷ்டம். நடுநடுவே இந்தியில் பேசுவார், கூட வந்த வீட்டுப் பெண்களுக்குப் புரியாது. நிறுத்திக் கேட்டால் தமிழில் சொல்லிவிடுவார், கேட்கத்தான் வேண்டும். ரசீது கேட்டால்தான் தருகிறார். நேர்மையானவர்தான், அதனாலேயே எல்லோருக்கும் கேட்காமல் கொடுக்க வேண்டும். இன்னொன்று, படையினரின் பென்ஷனுக்கான ஸ்பர்ஷ் இணையதளத்தில் செய்ய வேண்டியதெல்லாம் அவருக்கு வராது. உத்தரவு வந்த பிறகு புது பென்ஷன் ஆணை அதில் ஏறியிருக்கிறதா என்று பார்க்க என் மகளைத்தான் நம்பினோம்.

ஐந்துக்கு நான்கு கொடுப்பேன். குறைத்த ஒன்று முழுக்க அந்தப் படிக்கட்டுக்கு.

போகிறவர்களுக்கு: தியாகராயா கல்லூரி மெட்ரோவில் இறங்கினால் நடக்கிற தூரம். தீபாவளி, பொங்கலுக்கு முந்தைய ஞாயிறுகளில் எம்.சி. ரோட்டில் நுழையவே முடியாது, வியாழன் போங்கள். டிஸ்சார்ஜ் புக், பென்ஷன் ஆணை, மறுப்புக் கடிதம், அது வந்த தபால் கவர் எல்லாவற்றிலும் இரண்டு நகல். தேதி தெரிவதால் கவரும் முக்கியம். மெடிக்கல் போர்டு நகல் இருந்தால் அதை மேலே வையுங்கள். பட்டாளத்தில் இருந்தவர் மட்டும் போகாமல், வீட்டில் ஃபைலைப் பார்த்துக்கொள்ளப் போகிறவரும் கூடப் போங்கள். சுபேதார் எப்படியும் உங்களைத்தான் படிக்கச் சொல்லுவார்.